சத்தம் எதோடு சேர்ந்து ஓடுகிறது?

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை விடாமல் முனகிக்கொண்டே வந்த கார், பட்டறை வாசலில் நின்றதும் ஊமையாகிவிடுகிறது. மெக்கானிக் பானெட்டைத் திறக்கிறார், ஆக்சிலேட்டரை இழுத்து எஞ்சினை உறுமவிடுகிறார், தலையைச் சாய்த்துக் கேட்கிறார். "எங்க சார் சத்தம்? வண்டி நல்லாத்தானே இருக்கு?" பழைய கார் வைத்திருக்கும் யாருக்கும் இந்தச் சங்கடம் புதிதல்ல. ஓடும்போது கேட்டது நின்றதும் எங்கே போனது?

எங்கும் போகவில்லை. அதை எழுப்பும் பாகங்கள் நின்றுவிட்டன, அவ்வளவுதான். எஞ்சின் மட்டும் ஓடி வண்டி நிற்கும்போது, கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் எதுவும் சுழல்வதில்லை. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுழல விட்டாலும் பாதிதான் தேறும். பாகங்கள் சுழலும், ஆனால் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை இழுக்கும் சுமை அவற்றின் மேல் இருக்காது. எஞ்சினிலிருந்து சக்கரம் வரை விசையைக் கைமாற்றிக் கொண்டுபோகும் பாகங்களின் வரிசையை இந்த அத்தியாயத்தில் விசைத்தொடர் என்று அழைப்போம். அதில் பிறக்கும் சத்தங்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: குறிப்பிட்ட வேகம், குறிப்பிட்ட சுமை. பட்டறை வாசலில் இரண்டுமே இல்லை.

நீளமான ஒரு கார்

எடுத்துக்காட்டுக்கு அம்பாசடரையே வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரிலிருந்து பிறந்து, 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த கார். பாசத்துக்காக இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பாடம் நடத்த இதைவிட வசதியான வண்டி குறைவு. எஞ்சின் முன்னால், இழுக்கும் சக்கரங்கள் பின்னால். நடுவில் உள்ள பாகங்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் வரிசையாகக் கிடக்கின்றன: கிளட்ச், கியர் பாக்ஸ், தரைக்கடியில் ஓடும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், அதன் இரு முனையிலும் ஆளுக்கொரு யூனிவர்சல் ஜாயிண்ட், கடைசியில் பின் அச்சின் நடுவே புடைத்துத் தெரியும் டிஃபரன்ஷியல். இன்றைய முன்சக்கர இழுவைக் கார்களில் இவற்றில் பாதியை ஒரே பெட்டிக்குள் திணித்திருப்பார்கள்.

டிஃபரன்ஷியலுக்குள் இரண்டு பல்சக்கரங்கள் முக்கியம். ஷாஃப்ட்டின் நுனியில் இருக்கும் சிறியது பினியன். அதோடு கடித்துச் சுழலும் பெரிய வட்டு கிரவுன். நீளவாக்கில் சுழலும் ஷாஃப்ட்டின் விசையைக் குறுக்காகத் திருப்பி, வேகத்தைக் குறைத்து, இழுப்பைக் கூட்டிச் சக்கரங்களுக்குத் தருவது இந்த இணை.

காதை எதற்கு நம்பலாம்

சத்தம் கேட்டதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, எங்கிருந்து வருகிறது என்பது. அதற்குப் பதில் சொல்லக் காருக்குள் உட்கார்ந்திருப்பவரின் காது ஏற்றதல்ல.

நம் இரண்டு காதுகளுக்கும் இடையே ஏறத்தாழ 20 செ.மீ. தூரம். வலப்பக்கத்து ஒலி வலக்காதை முதலில் அடையும். இடக்காதுக்கு, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதத்தில் போய்ச் சேரும். அந்தச் சிறு தாமதத்தை வைத்தே மூளை திசையைக் கணிக்கிறது. திறந்த வெளியில் இந்த உத்தி பிரமாதமாக வேலை செய்யும். காருக்குள் நடப்பது வேறு. டிஃபரன்ஷியலில் எழும் அதிர்வு அச்சின் உறை வழியாக ஸ்பிரிங் பட்டைகளுக்கு ஏறி, அங்கிருந்து தரைத் தகடு, கதவு, கூரை என எங்கும் பரவுகிறது. காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் போனால், எஃகில் 5,000 மீட்டருக்கு மேல் போகும். உங்கள் காதுக்கு வருவது டிஃபரன்ஷியலின் சத்தமல்ல. ஒரே நேரத்தில் நாலு பக்கமும் அதிரும் தகடுகளின் சத்தம். அதனால்தான் பின் அச்சின் முனகலைப் பலர் கியர் பாக்ஸ் என்று சத்தியம் செய்கிறார்கள். அதை நம்பி கியர் பாக்ஸை இறக்கி ஏற்றிய செலவுக்குப் பிறகும் முனகல் அப்படியே இருக்கும்.

ஆனால் இதே காது காலத்தை அளப்பதில் கெட்டி. தட்டல் சீராக வருகிறதா, கூடுகிறதா, சுருதி ஏறுகிறதா, ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்ததும் மாறுகிறதா என்பதெல்லாம் அதற்கு உடனே பிடிபடும். ஆகவே கேள்வியை மாற்றிக்கொள்வோம். இந்தச் சத்தம் எதோடு சேர்ந்து மாறுகிறது?

நான்கு எண்கள்

அம்பாசடர் டயர் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறத்தாழ 2 மீட்டர் நகரும். மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். சக்கரம் நிமிடத்துக்கு 500 சுற்று, நொடிக்கு 8 சுற்றுக்குக் கொஞ்சம் மேல்.

கிரவுனில் 41 பற்கள், பினியனில் 9 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் குடும்பத்துக் கார்களில் வழக்கமாக இருந்த இணை இது. சக்கரம் ஒரு சுற்று போக ஷாஃப்ட் நாலரைச் சுற்றுக்குச் சற்று மேல் போக வேண்டும். ஆக ஷாஃப்ட் நொடிக்கு 38 சுற்று.

யூனிவர்சல் ஜாயிண்ட் கோணலாகச் சுழலும்போது ஒரு வினோதம் நடக்கிறது. உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும், வெளியே போகும் வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும். கோணம் 10 பாகை என்றால் ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம். முன்முனை ஜாயிண்ட் செய்யும் இந்தக் குழப்பத்தைப் பின்முனை ஜாயிண்ட் தலைகீழாகச் செய்து சரிக்கட்டுகிறது, இரண்டின் கோணமும் சமமாக இருக்கும் வரை. ஸ்பிரிங் பட்டை களைத்துத் தொய்ந்து கோணங்கள் மாறிவிட்டால் அதிர்வு மிஞ்சும். அது நொடிக்கு 76.

கடைசியாகப் பற்கள். நொடிக்கு 38 சுற்று போகும் பினியனில் 9 பல். ஆகவே நொடிக்கு 342 முறை ஒரு பல் இன்னொரு பல்லைச் சந்திக்கிறது. இதைப் பற்சந்திப்பு எண் என்போம். கிரவுன் பக்கமிருந்து 41-ஐச் சக்கரச் சுற்றால் பெருக்கினாலும் இதே விடை வரும்.

8, 38, 76, 342. நொடிக்கு 20-க்குக் கீழே உள்ளதைக் காது தனித்தனித் தட்டல்களாக எண்ணும். அதற்கு மேலே போனால் எண்ணுவதை விட்டுவிட்டு ஒரு சுருதியாகக் கேட்கத் தொடங்கும். எனவே சக்கரத்தின் கோளாறு 'தடதட' என்று வரும். ஷாஃப்ட்டின் கோளாறு இருக்கையிலும் ஸ்டியரிங்கிலும் உணரும் அதிர்வாக வரும். பற்களின் கோளாறு பாட்டாக வரும். ஆர்மோனியத்தில் நாலு கட்டை என்று சொல்லும் வெள்ளைக் கட்டை நடு ஸ்தாயியில் நொடிக்கு ஏறத்தாழ 349 அதிர்வு. நம் கார் 60-இல் அதற்கு ஒரு நூலிழை கீழே பாடும். 61-ஐத் தாண்டினால் சுருதி சேர்ந்துவிடும்.

ரிவர்ஸ் எடுத்தால் ஏன் ஊளை?

பல் சந்திப்பதில் சத்தம் ஏன் வர வேண்டும்? பற்கள் அச்சுப்பிசகாத வடிவத்தோடு, சுமையில் துளியும் வளையாமல் இருந்தால் வராது. உண்மையான எஃகு வளையும், தேயும். ஒரு பல் விட்டு அடுத்த பல் சுமையை ஏற்கும் நொடியில், இழுபடும் சக்கரம் மைக்ரான் கணக்கில் முந்தும் அல்லது பிந்தும். அந்தத் துளிப் பிசகு நொடிக்கு நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப நடப்பதுதான் கியரின் பாட்டு.

சுமையைக் கைமாற்றும் விதத்தில்தான் வித்தியாசமெல்லாம். பற்களை அச்சுக்கு இணையாக நேராக வெட்டினால், ஒரு பல்லின் முழு அகலமும் எதிர்ப்பல்லை ஒரே கணத்தில் அறைகிறது. சாய்வாக வெட்டினால் ஓரத்தில் தொடங்கி மெல்ல மெல்லப் பதிகிறது. உள்ளங்கையை மேசையில் பட்டென்று அடித்துப் பாருங்கள். பிறகு சுண்டுவிரலில் தொடங்கி விரல்களை ஒவ்வொன்றாகப் பதித்துப் பாருங்கள். முன்னோக்கிப் போகும் கியர்களுக்குச் சாய்வெட்டு. எப்போதாவது சில நொடிகள் மட்டும் பயன்படும் ரிவர்ஸுக்கு, எளிதாக நகர்த்திக் கோக்கும்படி நேர்வெட்டு. தெருமுனையில் பின்னால் வரும் பழைய கார் போடும் 'ஊய்ங்' கோளாறு அல்ல, வடிவமைப்பு. அதற்காக யாரும் பட்டறைக்குப் போக வேண்டாம்.

நின்ற இடத்தில் ஒரு விசாரணை

ஓட்டிப் பார்க்கும் முன், வண்டியை நிறுத்திக் கிளட்ச் பெடலை மட்டும் வைத்துச் சில சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளலாம். இதற்கு எஞ்சினும் நியூட்ரலும் போதும்.

பலர் நினைப்பதற்கு மாறாக, நியூட்ரலில் கியர் பாக்ஸ் தூங்குவதில்லை. கிளட்ச்சை மிதிக்காதவரை அதன் முன்தண்டும், அதோடு கோத்த அடித்தண்டும் சுழன்றுகொண்டேதான் இருக்கும். நியூட்ரலில் ஒரு 'கறகற' கேட்டு, கிளட்ச்சை முழுதாக மிதித்ததும் அடங்கினால், சுழல்வதை நிறுத்திக்கொண்ட ஏதோ ஒன்று குற்றவாளி: முன்தண்டு பேரிங் அல்லது அடித்தண்டு பேரிங். மிதிக்கும்போது மட்டும் சத்தம் தொடங்கினால் ரிலீஸ் பேரிங். அந்தக் காலத்து மோரிஸ் வகைக் கார்களில் அந்த இடத்தில் குண்டு பேரிங்குக்குப் பதில் கிராஃபைட் வளையம் இருக்கும். சிக்னலில் கிளட்ச்சை மிதித்துக்கொண்டே நிற்கும் ஓட்டுநர்கள் அதைத் தேய்த்து முடித்துவிடுவார்கள்.

ஐட்லிங்கில் வரும் மெல்லிய 'சளசள' இன்னொன்று. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இருமுறை உந்துகிறது. நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐட்லிங் என்றால் நொடிக்கு 27 உந்தல். சுமையில்லாத பற்கள் அந்த உந்தலுக்கு ஏற்ப முன்னும் பின்னும் தட்டிக்கொள்கின்றன. ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏற்றினாலே பெரும்பாலும் மறைந்துவிடும்.

அறுபதில் பாடும் கார்

இப்போது நம் வழக்குக்கு வருவோம். நாலு கியர் அம்பாசடர். புகார்: டாப் கியரில் 50 தாண்டியதும் ஒரு மெல்லிய ஊளை, 60-இல் உரக்க. பட்டறையில் நிற்கும்போது எதுவும் இல்லை. கிளட்ச் சோதனையும் சுத்தம்.

முதல் சோதனை, வேகத்தைப் பிடித்துக்கொண்டு கியரை மாற்றுவது. 50-இல் டாப்பில் போய்க்கொண்டிருக்கையில் மூன்றாம் கியருக்கு இறக்கி, அதே 50-ஐத் தக்கவைக்க வேண்டும். எஞ்சினின் சுற்று ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். ஊளையின் சுருதியும் ஏறினால் அது எஞ்சினோடு, கிளட்ச்சோடு, முன்தண்டோடு பிணைந்தது. நம் காரில் எஞ்சின் மட்டும் உரக்கக் கத்தியது. ஊளை இம்மி மாறவில்லை. ஆக, ஊளை சாலை வேகத்தோடு ஓடுகிறது. கியர் பாக்ஸின் வெளித்தண்டு முதல் டயர் வரை எதுவும் இருக்கலாம்.

இந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாததற்கு ஒரு குறும்பான காரணமும் உண்டு. நாலு கியர் பாக்ஸில் டாப் கியர் நேரடி இணைப்பு. எஞ்சின் எத்தனை சுற்றோ ஷாஃப்ட்டும் அத்தனை. ஒரு சுற்றுக்கு இரண்டு உந்தல் தரும் எஞ்சினும், ஒரு சுற்றுக்கு இருமுறை தடுமாறும் ஜாயிண்ட்டும் 60-இல் ஒரே 76-ஐத்தான் எழுப்பும். டாப் கியரில் மட்டும் ஓட்டிக் கேட்டு இரண்டையும் பிரிக்கவே முடியாது.

அதே நேரடி இணைப்பு இன்னொரு உதவியும் செய்கிறது. டாப்பில் விசை அடித்தண்டு வழியாகப் போவதில்லை, அது சும்மா சுழல்கிறது. அடித்தண்டின் பற்களோ பேரிங்கோ கெட்டிருந்தால் மற்ற கியர்களில் கத்தி, டாப்பில் அமைதியாகும். நம் கார் டாப்பிலும் பாடுகிறது. கியர் பாக்ஸ் மேல் இருந்த சந்தேகம் இன்னும் தேய்கிறது.

இரண்டாம் சோதனை சுமை. நேரான, வெறிச்சோடிய சாலையில் 60-இல் போகும்போது நியூட்ரலுக்குத் தள்ளி உருளவிட வேண்டும். (சாவியை அணைக்கக் கூடாது. ஸ்டியரிங் பூட்டு உள்ள வண்டிகளில் அது உயிரோடு விளையாட்டு.) டயரும் சக்கர பேரிங்கும் இப்போதும் அதே எடையைச் சுமந்து அதே வேகத்தில் சுழல்கின்றன. அவை குற்றவாளி என்றால் சத்தம் தொடர்ந்திருக்கும். நம் ஊளை சட்டென்று செத்துவிட்டது. கியரைப் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்ததும் உயிர்த்தெழுந்தது. கால் எடுத்து எஞ்சின் பின்னிழுத்தபோது வேறொரு, மெலிந்த குரலில் வந்தது. முடுக்கும்போது பல்லின் ஒரு முகம் சுமை தாங்குகிறது, பின்னிழுக்கும்போது மறுமுகம். முகத்துக்கு முகம் குரல் மாறுவது பல்சக்கரத்தின் கையெழுத்து.

மூன்றாவது சோதனைக்கு முந்தைய தலைமுறை மெக்கானிக்கிடம் இல்லாத கருவி ஒன்று நம் சட்டைப்பையில் இருக்கிறது. ஒலியைப் பிரித்து எந்த அதிர்வெண் ஓங்கியிருக்கிறது என்று கைபேசியில் கோடு போட்டுக் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்தவர் பார்த்துச் சொல்லட்டும். 60-இல் 342 அருகே ஒரு கூர்முனை எழ வேண்டும். 50-இல் அது 285-க்கும், 40-இல் 228-க்கும் இறங்க வேண்டும். ஸ்பீடாமீட்டர் கொஞ்சம் பொய் சொல்லும், தேய்ந்த டயரின் சுற்றளவும் குறையும். அதனால் எண்கள் சில விழுக்காடு விலகலாம், கவலையில்லை. வேகத்தோடு அதே விகிதத்தில் இறங்குகிறதா என்பதே பார்க்க வேண்டியது. இறங்கினால் கிரவுன்–பினியன் இணைதான் பாடுகிறது.

பேரிங் இப்படிப் பாடாது. ஒன்பது குண்டு உள்ள பேரிங்கின் வெளி வளையத்தில் ஒரு பள்ளம் விழுந்தால், தண்டு ஒரு சுற்று போக ஏறத்தாழ 3.6 தட்டல், உள் வளையத்தில் விழுந்தால் 5.4. முழு எண்ணில் அடங்காத தட்டல்கள், அதோடு குண்டுகளின் வழுக்கல், எல்லாம் கலந்து வருவதால் அது சுருதியற்ற உறுமலாகவே இருக்கும். சக்கர பேரிங் என்றால் வளைவில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் எடை வலப்பக்கம் சாயும். அப்போது உறுமல் கூடினால் வலச் சக்கரத்தைப் பாருங்கள்.

சாக்பீஸ் கோடு

ஊளையும் உறுமலும் இல்லாமல் 'டிக்… டிக்…' என்று வரும் சத்தங்களுக்கு இவ்வளவு வேகமே தேவையில்லை. டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இரண்டு பேர் வண்டியைத் தள்ள, ஒருவர் கூடவே நடந்தால் போதும். டயர் ஒரு சுற்று, அதாவது 2 மீட்டர், போக ஒரு தட்டல் என்றால் சக்கரம், பிரேக் டிரம், அல்லது கிரவுனில் மூளியான ஒரு பல். ஏறத்தாழ 44 செ.மீ.க்கு ஒரு தட்டல் என்றால் ஷாஃப்ட்டின் சுற்றோடு வருவது: ஜாயிண்ட் அல்லது பினியன்.

மெதுவாக நகரும்போது குருவி மாதிரி 'கீச் கீச்' வந்தால் யூனிவர்சல் ஜாயிண்ட்டின் சிலுவை வறண்டுவிட்டது. பட்டறைகளில் இதைக் கிராஸ் என்பார்கள். அடுத்த கட்டம், முதல் கியர் போட்டுக் கிளட்ச் விடும்போது கேட்கும் 'டொக்'. வண்டியை அணைத்துச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, கீழே படுத்து ஷாஃப்ட்டைக் கையால் திருகிப் பார்த்தால் ப்ளே தெரியும். ஜாயிண்ட்டின் இரு கவைகளும் சேர்ந்து திரும்பாமல் ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் கிராஸ் போயிற்று. விசைத்தொடரின் சத்தங்களில் ஒத்திப்போடக் கூடாதது என்று நான் நினைப்பது இதைத்தான். ஓட்டத்தில் முன்முனை ஜாயிண்ட் அறுந்தால் ஷாஃப்ட்டின் நுனி சாலையில் குத்தும். மாற்றும் செலவோ மிகச் சொற்பம்.

ஜாக்கி போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உடலைத் தூக்கினால் பின் அச்சு கீழே தொங்கும், ஜாயிண்ட்டின் கோணம் கூடும். சாலையில் இல்லாத அதிர்வு அங்கே புதிதாக முளைக்கும். தாங்கியை அச்சின் அடியில் கொடுத்தால்தான் கோணம் உள்ளபடி இருக்கும்.

மூடியைத் திறந்தால்

கிரவுன்–பினியன் என்று தீர்ப்பாகிவிட்டது. டிஃபரன்ஷியலைத் திறக்கும் முன் ஆயிலைப் பார்க்க வேண்டும். இந்தக் கார்களில் பினியன், கிரவுனின் நட்டநடுவுக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே தள்ளிக் கோக்கப்பட்டிருக்கும். அதனால் பற்கள் உருள்வதோடு ஒன்றின் மேல் ஒன்று வழுக்கியும் செல்கின்றன. ஓசை குறைகிறது, ஆனால் உரசல் கூடுகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கும் தனி ரக கியர் ஆயில் தேவை. அளவு குறைந்திருந்தாலோ, எஞ்சின் ஆயிலை ஊற்றியிருந்தாலோ ஊளைக்கு அதுவே காரணமாகலாம். வடிக்கும்போது மரத்தூள் வந்தால் முந்தைய உரிமையாளரைத் திட்டிக்கொள்ளுங்கள். சத்தத்தை அமுக்கி விற்க அது பழைய தந்திரம். ரோல்டு டாலின் 'மடில்டா' நாவலில் வரும் அப்பாவும் அதைத்தான் செய்கிறார்.

ஆயில் சரி என்றால் பற்களில் சாயம் தடவிச் சுற்றிப் பார்ப்பார்கள். சாயம் அழிந்த தடம், பல் எங்கே கடிக்கிறது என்று காட்டும். நடுவில் விழ வேண்டிய தடம் ஓரத்தில் விழுந்தால் பினியன் உள்ளே போயிருக்கிறது அல்லது வெளியே வந்திருக்கிறது. பெரும்பாலும் பினியன் பேரிங் தேய்ந்ததன் விளைவு. மெல்லிய உலோக வளையங்களான ஷிம்களைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும். பற்களுக்கிடையே விட வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்துப் பழக்கிய ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பேரிங்கை மட்டும் புதிதாகப் போட்டால், கோணல் நிலையிலேயே வருடக்கணக்கில் தேய்ந்து பழகிய பற்கள் திடீரென்று சரியான இடத்துக்கு வந்து, முன்னைவிட உரக்கக் கத்துவதும் உண்டு. ஆகவே, கோளாறு ஊளை மட்டும்தான் என்றால், ஆயில் சுத்தமாக இருந்தால், வண்டி வாரத்துக்கு ஒருநாள் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வருவது என்றால், நான் புது ஆயிலை ஊற்றி மூடியை மூடிவிடச் சொல்வேன். வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். மாவு போல ஒட்டினால் வழக்கமான தேய்மானம். செதில் செதிலாக ஒட்டினாலோ, சில மாதங்களில் ஊளைக்கு அடியில் உறுமலும் சேர்ந்துகொண்டாலோ, பினியன் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. அப்போது ஜோடியாகவே வாங்கி, பேரிங்குகளோடு சேர்த்து மாற்ற வேண்டியதுதான்.